கடனே இல்லை என்று ஊரே சொன்ன நாள்

எனக்குப் பயம் வந்தால் விக்கல் வரும். சிலருக்குக் கை நடுங்கும், சிலருக்கு உள்ளங்கை வியர்க்கும். அதையெல்லாம் மேஜைக்கு அடியில் ஒளித்துக்கொள்ளலாம். விக்கலை எங்கே ஒளிப்பது? அருப்புக்கோட்டை பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில், மாடியில் இருக்கும் அந்தச் சின்ன ஆபீஸில், வெளிநாட்டு வேலைக்கு ஆள் அனுப்பிக்கொண்டிருந்த காலமெல்லாம் எனக்கு ஒரு விக்கல் வந்தால் போதும். பெஞ்சில் உட்கார்ந்திருப்பவர்கள் எல்லோரும் சட்டைப் பையிலிருக்கும் பாஸ்போர்ட்டைத் தொட்டுப் பார்த்துக்கொள்வார்கள்.

இப்போது சர்க்கரையும் ரத்த அழுத்தமும் கூட்டணி வைத்து என்னைப் பாலவனத்தம் வீட்டுக்கே அனுப்பிவிட்டன. ஓய்வு பெறும் வயது இல்லை, ஓய்வு கொடுத்துவிட்டார்கள். என் மேஜையில் நீங்கள் இரண்டு பேர் உட்கார்ந்திருப்பதாகக் கேள்விப்பட்டேன். நான் ஒருவனாகப் பார்த்த வேலைக்கு இரண்டு பேர் தேவைப்படுகிறதே என்று மனைவியிடம் பெருமையடித்தேன். "நீங்க வச்சுட்டுப் போன கோளாற எடுக்க ஒரு ஆளு, வேலையப் பாக்க ஒரு ஆளு" என்றாள். அவளுக்கு என்னை நன்றாகத் தெரியும்.

புதிதாக வந்திருக்கும் பிள்ளைகளுக்கு ஏதாவது எழுதிக் கொடுங்கள் என்று முதலாளியம்மா கேட்டிருக்கிறார். விசா, மெடிக்கல், முத்திரை பற்றியெல்லாம் எழுத மாட்டேன். அதெல்லாம் மாதத்துக்கொரு தரம் மாறும். மாறாதது ஒன்று உண்டு. உங்களுக்கு எதிரே உட்காருகிறவன் பயந்துபோய்த்தான் உட்காருவான். அதைச் சமாளித்துவிடலாம். அவனுக்காக உங்களுக்கு ஒரு பயம் வரும் பாருங்கள், அதுதான் ஆளைக் கவிழ்க்கும். என்னை ஒருமுறை கவிழ்த்தது. கூடவே ஒரு பையனின் வாழ்க்கையையும் கவிழ்க்கப் பார்த்தது.

அதற்கு முன்னால் என் பழக்கத்தைச் சொல்லிவிடுகிறேன். நேர்காணலுக்குப் போகிற எல்லோருக்கும் நான் ஒரே மந்திரம்தான் ஓதி அனுப்புவேன். "என்ன கேட்டாலும் தெரியும்னு சொல்லு. என்ன குறைன்னாலும் இல்லைன்னு சொல்லு." இந்த மந்திரத்தோடு கத்தாருக்குப் போன காரியாபட்டி தச்சர் ஒருவரிடம், கிரேன் ஓட்டத் தெரியுமா என்று அங்கே கேட்டிருக்கிறார்கள். தெரியும் என்றிருக்கிறார். ஏற்றி உட்கார வைத்துவிட்டார்கள். மேலே போன மனுஷன் கீழே இறங்கத் தெரியாமல், அங்கிருந்தே எனக்குப் போன் போட்டு, "அண்ணே, சிவப்புப் பொத்தானா, பச்சைப் பொத்தானா?" என்று கேட்டார். எனக்கு என்ன தெரியும்? எனக்கு விக்கல் வந்தது. அதைக் கேட்டு அவருக்குக் கலக்கம் கூடியது. நல்லவேளை, ஒரு மலையாளி ஏறிப்போய் இறக்கிவிட்டார். அப்போதாவது நான் மந்திரத்தை மாற்றியிருக்க வேண்டும். மாற்றவில்லை.

பிறகுதான் சிங்கப்பூரில் துணைக் காவல் வேலைக்கு நம்மூர்ப் பையன்களையும் எடுக்கிறார்கள் என்ற செய்தி வந்தது. சீருடை, தொப்பி, இடுப்பில் துப்பாக்கி, விமான நிலையத்திலும் எல்லைச் சாவடியிலும் காவல். அதுவரை கம்பி கட்டவும் ஓட்டலில் தட்டுக் கழுவவும் ஆள் அனுப்பிக்கொண்டிருந்த ஆபீஸில் போலீஸ் வேலைக்கு வரிசை நின்றது. நான் கூட அந்த வாரம் மீசையைக் கொஞ்சம் முறுக்கிவிட்டுக்கொண்டேன்.

ஆனால் இந்த வேலைக்கு ஒரு கண்டிப்பு இருந்தது. உயரம், ஓட்டம், படிப்பெல்லாம் சரியாக இருந்தாலும், கடனில் மாட்டிய ஆளா என்று தோண்டிப் பார்ப்பார்கள். கழுத்துவரை கடன் உள்ளவன் கையில் துப்பாக்கியும் அதிகாரமும் கொடுத்தால், காசு நீட்டுகிறவன் பக்கம் சாய்ந்துவிடுவானோ என்கிற கவலை. நியாயமான கவலைதான். நம் மானாவாரிப் பக்கத்தில் கடன் வாங்காத வீட்டை எங்கே போய்த் தேடுவது என்பதுதான் என் கவலை.

அந்த வரிசையில் வந்தவன் இருளப்பன். திருச்சுழிக்குத் தெற்கே உள்ளடங்கிய ஒரு ஊர். நெடுநெடுவென்று வளர்த்தி. வயது வரம்பின் விளிம்பில் நின்றான். இந்தத் தடவை விட்டால் அடுத்த தடவை இல்லை. ஸ்பின்னிங் மில்லில் வேலை. உட்காரச் சொன்னேன். உட்காருவதற்கு முன்னாலேயே சொல்லிவிட்டான்.

"அண்ணே, எனக்குக் கடன் இருந்துச்சு. வண்டியப் பிடிச்சிட்டுப் போயிட்டாக."

கதை இதுதான். பைனான்ஸில் ஒரு லோடு ஆட்டோ எடுத்திருக்கிறான். ஊர்க்காரர்களின் கத்தரிக்காய், மிளகாய், வெங்காயத்தைக் காரியாபட்டி சந்தைக்கு ஏற்றிப் போவது தொழில். முதலில் நன்றாகத்தான் ஓடியிருக்கிறது. மழை இல்லாமல் போன வருஷம் லோடும் இல்லை. தவணை நின்றது. ஒருநாள் காலையில் ஊர்க் கத்தரிக்காய் மூட்டைகளோடு சந்தைக்குப் போய் நின்றபோது, பைனான்ஸ் ஆட்கள் வந்து சாவியைக் கேட்டிருக்கிறார்கள். நடுச்சந்தையில். இவன் சண்டை போடவில்லை. மூட்டைகளை ஒவ்வொன்றாக ரோட்டோரம் இறக்கிவைத்துவிட்டுச் சாவியைக் கொடுத்திருக்கிறான். அதற்குள் ஏலம் முடிந்துவிட்டது, திருப்பி ஏற்றிப் போக மறு வண்டியும் கிடைக்கவில்லை. வெயிலில் கிடந்த கத்தரிக்காயை மாடு கூடத் திரும்பிப் பார்க்கவில்லை.

"அப்புறம்?" என்றேன்.

"ஊர்க்காரவுக கத்தரிக்காய்க்கு நான்தானண்ணே பதில் சொல்லணும்? உரக்கடைப் பெரியப்பாகிட்டக் கைமாத்து வாங்கி எல்லாத்துக்கும் காசு குடுத்துட்டேன். பைனான்ஸ் கடன மில்லுல சேர்ந்து அடைச்சாச்சு. பெரியப்பாவுக்குத்தான் இன்னும் கொஞ்சம் பாக்கி. வாராவாரம் குடுத்துட்டு வாரேன்."

கேட்டதும் எனக்கு அவன் மேல் பிரியம் வந்துவிட்டது. பிரியம் வந்தால் பின்னாலேயே பயமும் வரும். குரலைத் தாழ்த்தி, "ஏலே, இதெல்லாம் எழுதாத. எழுதுனா முதல் வடிகட்டுலயே போயிரும். கேட்டா இல்லைன்னுரு" என்றேன்.

அவன் தலையைச் சொறிந்தான். சரி என்றும் சொல்லவில்லை, மாட்டேன் என்றும் சொல்லவில்லை. தலையைச் சொறிவதை நான் சம்மதம் என்று எடுத்துக்கொண்டேன். மறுநாள் குமாரலிங்கபுரத்தில் மைத்துனர் வீட்டுக் காதுகுத்து. நான் லீவு. அவனுடைய விண்ணப்பத்தை முதலாளியம்மா பார்த்து அனுப்பிவிட்டார்.

முதலாளியம்மாவைப் பற்றிச் சொல்ல வேண்டும். அவர் அத்தா என்று கூப்பிட்ட தகப்பனார் வளைகுடாவில் சம்பாதித்துத் திரும்பி இந்த ஆபீஸைத் திறந்தபோது, இவர் பள்ளிக்கூடப் பையோடு வந்து என் மேஜையில் மிட்டாய் கேட்ட பிள்ளை. இப்போது எனக்குச் சம்பளம் கொடுப்பவர். இன்னும் என்னை மாமா என்றுதான் கூப்பிடுகிறார். அவர் பதறி நான் பார்த்ததில்லை. ஆபீஸில் பதறுகிற வேலையை மொத்தமாக என்னிடம் ஒப்படைத்துவிட்டார் என்று நினைக்கிறேன்.

ஓட்டம், உடல் சோதனை எல்லாம் தாண்டி இருளப்பன் கடைசிக் கட்டத்துக்கு வந்தான். ஒருநாள் மதியம் ஆபீஸ் போன் அடித்தது. மதுரையிலிருந்து ஒரு பெண் குரல். சிங்கப்பூர்க்காரர்களுக்காக விசாரணை செய்யும் நிறுவனமாம். "நாளைக்குக் காலையில இருளப்பனோட ஊருக்கு விசாரிக்க வர்றேன். அக்கம்பக்கத்துல பேசுவேன். அட்ரஸ் மட்டும் உறுதி செஞ்சுக்கலாமா?"

அட்ரஸைச் சொல்லிப் போனை வைத்தேன். வைத்த கையோடு விக்கல்.

முதலாளியம்மா பாஸ்போர்ட் வேலையாக மதுரைக்குப் போயிருந்தார், போனை எடுக்கவில்லை. இருளப்பன் ஷிப்டில் இருந்தான். மில்லுக்குள் போனைக் கொண்டுபோக விடமாட்டார்கள். யாரிடமாவது கேட்கும் வரை பொறுத்திருக்கலாம். பொறுப்பது என் உடம்பில் இல்லாத ஒரு உறுப்பு. கடனை மறைத்து எழுதியிருக்கிறான், நாளைக்கு ஊரில் யாராவது கத்தரிக்காய்க் கதையை எடுத்துவிடப் போகிறார்கள் என்று நானே முடிவு செய்துகொண்டேன். பைக்கை எடுத்தேன். திருச்சுழி ரோட்டில் எதிர்க்காற்று. கருவேலங்காட்டு ஓரத்தில் நின்ற ஆடுகள் என் விக்கலுக்குத் திரும்பிப் பார்த்தன.

ஊர் நடுவே மந்தையில் உரக்கடை. முன்னால் வேப்பமரம். அங்கே எப்போதும் நாலு பேர் உட்கார்ந்திருப்பார்கள். கல்லாவில் உரக்கடைப் பெரியப்பா, காதில் பஞ்சு வைத்த, கனத்த மனிதர். விஷயத்தைச் சொன்னேன்.

"நாளைக்கு ஒரு பொம்பளப்புள்ள விசாரிக்க வரும். இருளப்பனுக்குக் கடன் உண்டான்னு கேக்கும். யாரும் வாயத் தொறந்துராதீக. கடனே இல்லைன்னு சொல்லிருங்க. இல்லாட்டி வேலை போயிரும்."

பெரியப்பா என்னை ஏற இறங்கப் பார்த்தார். "இத எங்களுக்கு வந்து சொல்லிக் குடுக்கணுமாக்கும்? விசாரிக்க வந்தவுக கிட்ட எங்க ஊர்ப் புள்ளைய நாங்க எப்பவாச்சும் விட்டுக்குடுத்திருக்கமா?"

அது உண்மை. நம் பக்கத்து ஊர்களில் விசாரிப்பு என்றால் ஒன்றே ஒன்றுதான், மாப்பிள்ளை விசாரிப்பு. பெண் வீட்டார் வந்து டீக்கடையில் மெதுவாகப் பேச்சுக் கொடுப்பார்கள். என்ன பதில் வரும் என்று கடையில் இருப்பவர்களுக்கும் தெரியும், கேட்பவர்களுக்கும் தெரியும். பையன் தங்கம், வெற்றிலை கூடப் போடமாட்டான், காடு கரையெல்லாம் வில்லங்கம் இல்லை. நேற்றுவரை அவனோடு வரப்புத் தகராறில் இருந்தவன் கூட அன்றைக்கு அவனுக்குச் சான்றிதழ் கொடுப்பான். அது ஊர்க் கட்டுப்பாடு. சிங்கப்பூர்ப் போலீஸையும் அவர்கள் பெண் வீட்டார் கணக்கில்தான் வைத்தார்கள்.

மரத்தடியில் இருந்த ஒருவர், "கடன் இல்லைன்னு மட்டும் சொன்னாப் போதுமா, இல்ல தோட்டம் தொரவு இருக்குன்னு கூடச் சேத்துச் சொல்லணுமா?" என்று கேட்டார். அவ்வளவு வேண்டாம் என்றேன். அவருக்கு ஏமாற்றம்.

விக்கல் நின்றது. மறுநாள் காலையில் ஆபீஸுக்குப் போய், முதலாளியம்மாவிடம் வெற்றி வீரனைப் போலச் சொன்னேன். "ஊரையே சரிக்கட்டிட்டேம்மா. ஒருத்தர் கூடக் கடன்னு வாயத் தொறக்க மாட்டாக."

அவர் கணினியிலிருந்து முகத்தைத் திருப்பினார். "எதுக்கு மாமா? அவந்தான் எல்லாத்தையும் எழுதிட்டானே."

"எல்லாத்தையும்னா?"

"வண்டியப் பிடிச்சது, பைனான்ஸ் அடைச்சது, உரக்கடையில பாக்கி எல்லாம். பாக்கி கொஞ்சந்தான், அதுக்காக வேலையக் குடுக்க மாட்டோம்னு அவுக சொல்லல. மறைச்சா மட்டும் சேர்க்க மாட்டாக, பிறகு எப்பயும் மனுப் போட முடியாது."

"கத்தரிக்காயையுமா எழுதுனான்?"

"கத்தரிக்காயையும்."

விக்கல் வந்தது. அது சாதாரண விக்கல் இல்லை. மேஜையில் இருந்த ஸ்டேப்ளர் குதித்தது. இனி என்ன ஆகும் என்று புரிந்துவிட்டது. அவன் உண்டு என்று எழுதியிருக்கிறான், ஊர் இல்லை என்று சொல்லப் போகிறது. இரண்டில் ஒன்று பொய். யாருடைய பொய் என்று சிங்கப்பூரில் உட்கார்ந்திருப்பவர்களுக்கு எப்படித் தெரியும்? ஊரையே தயார் செய்துவைத்த பையன் என்று எழுதிவிட்டால் தீர்ந்தது.

முதலாளியம்மா திட்டவில்லை. "அத்தா இருந்தா இந்நேரம் உங்கள என்ன சொல்லியிருக்கும்?" என்று மட்டும் கேட்டார். பிறகு, "போங்க மாமா. போயி நேத்துச் சொன்னதத் திரும்ப எடுத்துக்கங்க" என்றார்.

சொன்னதைத் திரும்ப எடுப்பது எவ்வளவு கஷ்டம் என்று அன்றைக்குத்தான் தெரிந்தது. மரத்தடியில் அதே நாலு பேர், இன்றைக்குத் துவைத்த வேட்டியில். "ஐயா, நேத்துச் சொன்னது தப்பு. கடன் இருந்துச்சுன்னே சொல்லிருங்க. உள்ளதச் சொல்லிருங்க" என்றேன்.

"நேத்து இல்லைன்னு சொல்லச் சொன்ன. இன்னைக்கு உண்டுன்னு சொல்லச் சொல்ற. யாருகிட்டக் காசு வாங்குன?"

"ஐயையோ, அப்படியெல்லாம் இல்ல."

"பக்கத்தூர்ல ஒரு பய இதே வேலைக்கு எழுதிப் போட்டிருக்கானாமே. அவன் கெடைக்கணும்னு இவனக் கெடுக்கப் பாக்குறியா?"

பெரியப்பா கையை உயர்த்தினார். "ஏஜென்ட்டு, நீ நல்ல ஆளு. ஆனா உனக்குச் சித்தம் ஒரு நெலையில இல்ல. அந்த ஓரமா உக்காரு. நாங்க பாத்துக்கிறோம்."

உட்கார்ந்தேன். எழுந்தேன். உட்கார்ந்தேன். அதற்குள் மினிபஸ் வந்து நின்று, தோளில் பையும் கையில் தண்ணீர் பாட்டிலுமாக அந்தப் பெண் இறங்கிவிட்டது. சின்ன வயசு. இதே மாதிரி ஊர்களில் நிறைய வெயில் பார்த்த முகம். இருளப்பனும் இரவு ஷிப்டையும் சேர்த்துப் பார்த்துவிட்டு, தலையில் பஞ்சோடு, அப்போதுதான் வந்து சேர்ந்தான். அவனைத் தனியாகக் கூப்பிட்டுச் சொல்ல வாயைத் திறந்தேன். விக்கல்தான் வந்தது.

அந்தப் பெண் என்னிடம் வந்து, முதலில் தன் பாட்டிலைத் திறந்து நீட்டியது. "குடிங்க சார். மெதுவா." குடித்தேன். நான் குடித்து முடிக்கும் வரை யாரிடமும் எதுவும் கேட்கவில்லை. பிறகுதான் பெரியப்பா பக்கம் திரும்பியது.

"ஐயா, இருளப்பன் உங்களுக்கு ஏதும் பணம் தரணுமா?"

"அவனா? எனக்கா?" பெரியப்பா சிரித்தார். நேற்று மாலையிலிருந்து ஒத்திகை பார்த்த சிரிப்பு. "அவன் எனக்கு ஒரு பைசா தர வேண்டியதில்ல தாயி. சொல்லப்போனா நான்தான் அவனுக்குத் தரணும்."

நான் கண்ணை மூடிக்கொண்டேன். மரத்தடி ஆட்களும் சேர்ந்துகொண்டார்கள். "கடன்னா என்னன்னே அவனுக்குத் தெரியாது தாயி." "வண்டியா? அவன் வண்டியே வச்சதில்லையே." தோட்டம் தொரவு என்று ஆரம்பித்தவரைப் பக்கத்தில் இருந்தவர் தொடையில் கிள்ளி நிறுத்தினார்.

அந்தப் பெண் இருளப்பனைப் பார்த்தது. "நீங்க இவருக்குப் பாக்கி தரணும்னு எழுதியிருக்கீங்க. இவரு உங்களுக்குத் தரணும்ங்கிறாரு. வண்டியப் பிடிச்சாங்கன்னு எழுதியிருக்கீங்க. வண்டியே இல்லைங்கிறாங்க. எத நான் எழுதிக்கிட்டுப் போறது?"

இருளப்பன் முகத்தில் அப்போது வந்தது கோபம் இல்லை. நடுச்சந்தையில் சாவியைக் கொடுத்தபோது இப்படித்தான் இருந்திருப்பான் என்று தோன்றியது. பெரியப்பாவின் எதிரே போய் நின்றான்.

"பெரியப்பா, நான் உங்களுக்குத் தரணும்."

"இல்லப்பா."

"தரணும் பெரியப்பா."

"சும்மா இருடா. அதெல்லாம் ஒண்ணுமில்ல."

கடன் கொடுத்தவர் இல்லை என்கிறார், வாங்கியவன் உண்டு என்று மல்லுக்கு நிற்கிறான். அந்தப் பெண்ணின் பேனா காற்றில் நின்றது. பெரியப்பா கண்ணாலேயே அவனுக்குச் சாடை காட்டினார். 'உன் நல்லதுக்குத்தான்டா, வாயை மூடு' என்று அந்தக் கண் கெஞ்சியது. ஒரு மனிதன் தனக்கு வர வேண்டிய பணத்தை, ஒரு பையனின் வேலைக்காக, ஊரறிய இல்லை என்று தலையில் அடித்துச் சத்தியம் செய்யத் தயாராக நிற்கிறார். அதைப் பார்த்து நெகிழ்ந்து போகலாம். ஆனால் அந்த நெகிழ்ச்சிதான் அவனைக் குழியில் தள்ளிக்கொண்டிருந்தது.

இருளப்பன் குரலை உயர்த்தவில்லை. "கடனே இல்லைன்னா, வாராவாரம் மில்லுச் சம்பளத்துல உங்க கையில கொண்டாந்து குடுக்கேனே, அது என்ன பெரியப்பா? அம்மாவுக்குக் கண்ணு ஆபரேஷன் தள்ளிப் போட்டுக் குடுத்தேன். தீவாளிக்குத் துணி எடுக்காமக் குடுத்தேன். வாங்கவே இல்லைன்னு நீங்க சொன்னா, நான் குடுத்ததும் இல்லைன்னு ஆயிருதே."

பிறகு மரத்தடியைப் பார்த்தான். "மாமா, வண்டியே வச்சதில்லைன்னு சொல்றீகளே. அப்ப ஒங்க கத்தரிக்காய்க்கு எதுக்குக் காசு வாங்குனீக?"

கடைக்குள் உரமூட்டை எடுக்க வந்தவர் கூட மூட்டையை இறக்காமல் நின்றார்.

பெரியப்பா காதிலிருந்த பஞ்சை எடுத்தார். உருட்டினார். திரும்ப வைத்துக்கொண்டார். "தாயி," என்றார், இப்போது ஒத்திகை பார்க்காத குரலில், "அவன் சொல்றதுதான் நெசம். எனக்குத் தரணும். எழுத்து ஒண்ணும் இல்ல. வட்டி பேசல. ஒரு வாரம் கூட நான் கேட்டதில்ல. ஒரு வாரம் கூட அவன் தவறினதும் இல்ல. ஒரு தடவ காய்ச்சலாக் கெடந்தான். அவன் அம்மா கையில குடுத்துவிட்டான்."

தோட்டம் தொரவுக்காரர் எழுந்தார். "என் கத்தரிக்காய்க்குச் சந்தை வெலையே குடுத்தான் தாயி. நான் பாதி போதும்னேன். கேக்கல." பிறகு ஆளாளுக்குச் சொன்னார்கள். வண்டியைப் பிடித்த அன்றைக்கு அவன் காரியாபட்டியிலிருந்து ஊருக்கு நடந்தே வந்தது வரைக்கும் வந்துவிட்டது.

அந்தப் பெண் எழுதி முடித்துவிட்டு நிமிர்ந்தது. "இத ஏன் முதல்லயே சொல்லல?"

எல்லோரும் ஒரே நேரத்தில் என்னைப் பார்த்தார்கள். ஊர்க் கட்டுப்பாடு என்றால் அதுதான் கட்டுப்பாடு. பேசி வைத்ததைப் போல அத்தனை தலையும் ஒரே பக்கம் திரும்பியது.

நான் சொன்னேன். நடந்ததை நடந்தபடி, விக்கலுக்கு நடுவில் சொன்னேன். அவனுக்கு இது எதுவும் தெரியாது, நானாகப் பயந்து நானாக ஓடிவந்து நானாகக் கெடுத்தது என்றேன். என் வாழ்க்கையில் ஒரு வாக்கியத்தை மறைக்காமல் முடித்தது அன்றைக்குத்தான் என்று நினைக்கிறேன். அதையும் அந்தப் பெண் எழுதிக்கொண்டது. கிளம்பும்போது, "நிறைய ஊருக்குப் போயிருக்கேன் சார். கடனக் குடுத்தவர் இல்லைங்கிறதும், வாங்குனவர் உண்டுங்கிறதும் இங்கதான் பாத்தேன்" என்று சொல்லிவிட்டு மினிபஸ் ஏறியது. முகத்தைப் பார்த்து நல்லதா கெட்டதா என்று கண்டுபிடிக்க முடியவில்லை. பாட்டிலை என் கையிலேயே விட்டுவிட்டுப் போய்விட்டது.

அதற்குப் பிறகு பல வாரம் ஒரு தகவலும் இல்லை. இருளப்பன் மில்லுக்குப் போய்வந்துகொண்டிருந்தான். என்னை ஒரு வார்த்தை குறை சொல்லவில்லை. சொல்லியிருந்தால் நிம்மதியாக இருந்திருக்கும். கடைசியில் நம் ஆபீஸ் கணினியிலேயே, காணொளியில் அவனை நேர்காணல் செய்தார்கள். நான் கதவுக்கு வெளியே நின்றேன். உள்ளே வரக்கூடாது என்று முதலாளியம்மா உத்தரவு. தமிழ் தெரிந்த ஒரு அதிகாரி கேட்பது காதில் விழுந்தது.

"உங்க ஊர்ல முதல்ல எல்லாரும் ஏன் பொய் சொன்னாங்க?"

என்ன சொல்லப் போகிறான்? பெண் வீட்டார் என்று நினைத்துவிட்டார்கள் என்று சமாளிக்கலாம். நானாக இருந்தால் அதைத்தான் சொல்லியிருப்பேன்.

"இந்த ஆபீஸ்ல ஒரு அண்ணன் இருக்காக சார். என் மேல அவுகளுக்குப் பாசம் ஜாஸ்தி. பயம் அத விட ஜாஸ்தி. அவுகதான் சொல்லச் சொல்லியிருக்காக. எனக்குத் தெரிஞ்சிருந்தா வேண்டாம்னு சொல்லியிருப்பேன்."

கதவுக்கு இந்தப் பக்கம் ஒரு விக்கல். பெரிய விக்கல்.

"அது என்ன சத்தம்?" என்றது சிங்கப்பூர்.

"அவுகதான் சார்" என்றான் இருளப்பன்.

கணினிக்குள் யாரோ சிரித்தார்கள். ஒருவர் சிரித்து, பிறகு இன்னொருவரும் சிரித்தார். முதலாளியம்மாவும் சிரித்ததாக இருளப்பன் பின்னால் சொன்னான். அவர் இன்றுவரை ஒத்துக்கொள்ளவில்லை.

வேலை கிடைத்தது. என்னால் கிடைக்கவில்லை, என்னையும் மீறிக் கிடைத்தது. இதைப் படித்துவிட்டு எல்லோரையும் எல்லாக் கடனையும் எழுதச் சொல்லுங்கள் என்று நான் சொன்னதாக எடுத்துக்கொள்ளாதீர்கள். எழுதி நிராகரிக்கப்பட்டவர்களும் உண்டு. அவர்கள் கீழே படியிறங்கிப் போவதையும் நான் பார்த்திருக்கிறேன். ஆனால் அவர்கள் அடுத்த வருஷம் அதே படியில் ஏறி வர முடிந்தது. பதறி எதையும் செய்வதற்கு முன்னால், சம்பந்தப்பட்டவனை ஒரு வார்த்தை கேளுங்கள். அவன் ஷிப்டில் இருந்தால், ஷிப்ட் முடியும் வரை காத்திருங்கள். இதைச் சொல்ல எனக்கு இத்தனை பக்கம் ஆகிறது, செய்ய அன்றைக்கு ஒரு ராத்திரி பொறுத்திருந்தால் போதுமாயிருந்திருக்கும்.

முதல் சம்பளம் வந்ததும் இருளப்பன் மிச்சத்தை அனுப்பி, உரக்கடையில் கொடுக்கச் சொன்னான். பெரியப்பா வாங்கிக்கொண்டார். "நாந்தான் அவனுக்குத் தரணும்னு அந்தப் புள்ள முதல்ல எழுதிச்சே, அத அடிச்சிருச்சா இல்லையா?" என்று மட்டும் கவலையோடு கேட்டார். அம்மாவுக்குக் கண் ஆபரேஷன் மதுரையில் ஆயிற்று. நான்தான் கூட்டிப் போனேன். போகும் வழியெல்லாம் எனக்கு விக்கல். அந்தம்மா எனக்கு ஆறுதல் சொல்லிக்கொண்டு வந்தார்கள்.

போன மாதம் அவனிடமிருந்து ஒரு குரல் செய்தி வந்தது. சாப்பாட்டு நேரத்தில், தட்டுச் சத்தத்துக்கு நடுவில் பேசியிருந்தான்.

"அண்ணே, நேத்து சாவடியில ஒரு ஆளு. நம்ம பக்கத்து ஆளு மாதிரிதான் இருந்தாரு. பையில என்னன்னு கேட்டதுக்கு முதல்ல துணின்னாரு, அப்புறம் மருந்துன்னாரு, அப்புறம் ஒண்ணுமே இல்லைன்னாரு. கூட நின்னவன் வெறச்சிட்டான். எனக்கும் திக்குன்னுதான் இருந்துச்சு. பாத்தா அந்தாளுக்கு விக்கல் நிக்க மாட்டேங்குதுண்ணே. எனக்கு உங்க ஞாபகம் வந்திருச்சு. உக்கார வச்சுத் தண்ணி குடுத்தேன். நின்ன பெறகு கேட்டேன். கருவாடுண்ணே. மகளுக்குக் கொண்டாந்திருக்காரு. புடிச்சு உள்ள போட்டுருவாகன்னு பயம்."

என் மேஜையின் இடதுபக்கம், கீழ் இழுப்பறையில் ஒரு தண்ணீர் பாட்டில் இருக்கும். மூடி கொஞ்சம் நசுங்கியிருக்கும். தூக்கிப் போட்டுவிடாதீர்கள். தினமும் காலையில் நிரப்பி மேலே எடுத்து வையுங்கள். எதிரே உட்காருகிறவன் குடித்து முடிக்கட்டும். அப்புறம் கேளுங்கள்.